கடைசி நிறுத்தம் அரபியா

ஹெல்சிங்கியில் ஒரு டிராமின் கடைசி நிறுத்தத்துக்கு
அரபியா என்று பெயர்.
பீங்கான் கோப்பை செய்த பழைய ஆலை,
எதிரே ஒரு கண்ணாடிக் கொட்டகை, அவ்வளவுதான்.
முப்பத்தோரு வருடம்
நாளுக்கு ஏழு முறை அரபியா போனான் ஐமோ,
ஊர் எல்லையைத் தாண்டாமலே.

நான் பல் செய்தேன்.
அச்சுகள் பெட்டியில் வரும், பற்கள் பெட்டியில் போகும்.
இருபத்தெட்டு வருடத்தில்
ஒரு வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை.

விற்ற கதையைச் சுருக்கிவிடுகிறேன்.
வீடு போனது. கார் போனது.
பனிக்கால டயர் நான்கை யாரும் கேட்கவில்லை,
பக்கத்து வீட்டு வாசலில் இரவோடு இரவாக
சாத்திவிட்டு வந்தோம்.
எப்போது திரும்புவீர்கள் என்றான் மகன் ஒஸ்ஸி.
ஒரே நேரத்தில் வாய் திறந்து
ஆளுக்கொரு வருடம் சொன்னோம்.

ஒன்பதரை மீட்டர் படகு.
அடுப்படியில் ஒருவர் திரும்ப வேண்டுமானால்
மற்றவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும்.
பெயரை மாற்றினால் ஆகாது என்றார்கள்,
முந்தைய சொந்தக்காரனின் மனைவி பெயரிலேயே
போய்க்கொண்டிருக்கிறோம்.

ஜூன் மாதம், துறைமுக வாயில்.
சுக்கான் கட்டையைப் பிடித்தபடி நின்றான்.
நேரே ஒரு சிவப்பு மிதவை.
நேரே. இன்னும் நேரே.
திருப்பு என்றேன்.
ஐமோ, திருப்பு!
ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் போயிற்று.

மாலையில், காப்பி ஆறிய பிறகு
(எதையும் அப்போதுதான் சொல்வான்)
டிராமில் ஸ்டீயரிங் கிடையாது என்றான்.
தண்டவாளம் வளையும், வண்டி வளையும்.
அவனுக்குத் தெரிந்தது புறப்படுவதும் நிற்பதும்.
பரீட்சை எல்லாம் பாஸ் செய்தவன்தான்,
வகுப்பறையில், பென்சிலால்.
ஓட்டுநரைக் கட்டிக்கொண்டேன் என்றல்லவா
இத்தனை காலம் நினைத்திருந்தேன்.
இந்தப் படகிலோ பிரேக் இல்லை.

கீல் கால்வாயில் மட்டும் அவன் முகம் தெளிந்தது.
இரண்டு கரை, ஒரு வழி.
நாள் முழுக்க விசில் அடித்தான்.

கால்வாய் முடிந்த இடத்தில் எஞ்சின் இருமி நின்றது.
பட்டறையிலிருந்து எடுத்துவந்த
சின்ன வட்டக் கண்ணாடியை
அதன் பின்புறம் நுழைத்துப் பார்த்தேன்.
ரப்பர் குழாயில் மயிரிழை விரிசல்.
டார்ச் பிடித்திருந்தவனிடம்
இதுதான் நான் பார்க்கும் முதல் வாய் என்றேன்.
இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது,
அதற்குள் நீரோட்டம் எங்களை
மணல்திட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

அவன் வேலையை விட்டதே
காலை நான்கு பத்து என்ற அந்த நேரத்துக்குப் பயந்துதான்.
அலாரம் கடிகாரத்தை ஒஸ்ஸியிடம் கொடுத்தாயிற்று.
மேற்கே வந்ததால் எங்கள் கடிகாரங்களை
ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தோம்.
உடம்பு வைத்துக்கொள்ளவில்லை.
இப்போது மூன்று பத்துக்கு எழுந்துவிடுகிறான்.
பின்னிரவுக் காவல் அவனுக்கே என்று
பேசாமலே முடிவாயிற்று.

பிஸ்கே வளைகுடாவில் நான்காம் இரவு.
இடது பலகையில் ஒட்டித் தூங்கியவள்
வலது பலகையில் போய் மோதி விழித்தேன்.
பாத்திரங்கள் எல்லாம் கட்சி மாறிக் கிடந்தன.
கப்பலா? பாறையா?
ஒற்றைச் செருப்போடு மேலே ஓடினேன்.

எதுவும் இல்லை.
காற்று அப்படியே, நிலா அப்படியே,
கண்ணுக்கு எட்டியவரை ஒரு விளக்கு இல்லை.
பாய் மட்டும் மறுபக்கம் நிறைந்திருந்தது.

ஏன் திருப்பினாய்?

சும்மா, என்றான்.

பிறகு மறுபடி திருப்பினான்.
அடுப்படியில் ஏதோ விழுந்து உடைந்தது,
அனேகமாக அந்த ஆலையின் கோப்பைதான்,
எங்களிடம் மிஞ்சியிருந்த ஒன்று.
மறுபடி.
விடிவதற்குள் பதினொரு மைல் வீணாயிற்று.
பதிவேட்டில் மைலை எழுதினேன்,
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

குளிர்கிறது, கீழே போ,
கட்டையை இப்படிக் கொடு என்றேன்.

கொடுக்கவில்லை.